நீளக் குழலுக்கு நாற்பத்தொரு ஓட்டு

அத்தியாயம் 6

ஐந்து மணிக்குப் போலீஸ் வரும். இப்போது நாலு அடிக்க ஐந்து நிமிடம். அதற்குள் அப்பாவு சுடவில்லை என்று நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். ஜீப்பில் ஏறிப் போன பம்ப் ஆபரேட்டர் எவரும் திரும்பி வந்து அதே பம்ப்பைப் போட்டதாக தில்லி மயூர் விஹார் சரித்திரத்தில் தகவல் இல்லை.

என் பெயர் வெங்கி. துப்பறியும் விசாலாக்ஷியின் ஒரே உதவியாளன், ஒரே டிரைவர், திட்டு வாங்குவதற்கும் ஒரே ஆள். மேடத்துக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். எரிந்துபோன கடையைப் பார்த்தால் எவ்வளவு எரிந்தது என்று கேட்க மாட்டார். எரிவதற்கு முதல் நாள் எந்தெந்தச் சாமான் வெளியே போனது என்று கேட்பார்.

எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது குஞ்சம்மாள். அப்பாவுவின் மனைவி. இந்த அடுக்குமாடியிலேயே மூன்று வீட்டில் சமையல், அதில் ஒன்று ஏ பிளாக் நாலாம் மாடி கோபாலன் வீடு. புருஷனுக்குச் சொஸைட்டி கொடுத்த மொட்டை மாடி ரூமில் ஒன்பது வருடமாகக் குடித்தனம். வழியெல்லாம் அவர் அழவில்லை. கேட்டருகே வந்ததும் மட்டும் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுரு எறும்பக்கூட மிதிக்க மாட்டாரும்மா. போலீசு கூட்டிட்டுப் போனா அடிப்பாங்க. அடிச்சா ஒத்துக்கிடுவாரு. அவுரு ஒடம்புக்கு அடி தாங்காது."

"அஞ்சு மணிக்குள்ள ஏதாவது செய்யறேன்" என்றார் மேடம். முடியும் என்று அவர் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அன்று காலை பதினொன்றே காலுக்கு, சொஸைட்டியின் செக்ரட்டரி ஸ்ரீநிவாஸ், பி பிளாக் மூன்றாம் மாடியில் தன் பால்கனியில் நின்று புறாக்களுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார். தினமும் அரைக் கிலோ. புண்ணியம் அவருக்கு, எச்சம் அக்கம்பக்கத்துக்கு. திடீரென்று கூலரின் தகரத்தில் டங் என்று ஒரு சத்தம், காற்றுத் துப்பாக்கியின் பெல்லட் குண்டு. என்னவென்று எட்டிக் குனிந்தார். பத்துப் பன்னிரண்டு நொடி கழித்து இரண்டாவது பெல்லட் அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. கண் மிஞ்சுமா என்று இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பால்கனிக்கு எதிரே ஏ பிளாக் நாலாம் மாடியில் ஒரு ஷாஃப்ட் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்கள் ஏறி இறங்கும் பொந்து. சுவரில் காற்றுக்காக ஓட்டை ஓட்டையாக ஒரு சிமென்ட் ஜாலி. வால்வு திறக்க அப்பாவு மட்டும்தான் அங்கே போவார். குரங்குகளை விரட்ட வாங்கிய சொஸைட்டியின் காற்றுத் துப்பாக்கியையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். காலையில் சத்தம் கேட்டதும் நாலாம் மாடி கோபாலன், ஷாஃப்ட் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கத்தினார். கதவைத் திறந்தபோது உள்ளே அப்பாவு இருந்தார், சுவரில் சாய்த்தபடி துப்பாக்கியும் இருந்தது. எதிரே ஜாலி. வேறென்ன வேண்டும்? அப்பாவுவைக் கேட் பக்கத்து கார்டு ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். போலீஸ் தாணாவில் எல்லோரும் ஏதோ ஊர்வல பந்தோபஸ்தில் இருந்ததால் ஐந்து மணி என்று நேரம் கொடுத்திருந்தார்கள்.

சொஸைட்டித் தலைவர் ரங்கராஜன் கார்டு ரூம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பாவுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார் மேடம்.

"போலீஸ் வர்ற வரைக்கும் யாரும் பேசக் கூடாதுன்னு கமிட்டி முடிவு. பொண்டாட்டியே பேசலை."

"அப்போ ஷாஃப்டையாவது பார்க்கலாமா?"

ரங்கராஜன் யோசித்தார். பக்கத்தில் நின்ற கோபாலன்தான், "பாக்கட்டுமே, பாத்தா தேஞ்சா போயிடும்?" என்றார். அறுபத்து மூன்று வயது, மூங்கில் மாதிரி நிமிர்ந்த உடம்பு. காலையிலிருந்து அந்தக் காம்பவுண்டின் ஹீரோ அவர்தான். எங்களுக்கு வணக்கம் சொல்ல இடது கையை மட்டும் தூக்கினார். பக்கத்தில் போனால் வலி ஸ்ப்ரே வாசனை மூக்கைத் துளைத்தது.

"வலது கைக்கு லீவா மாமா?" என்றேன்.

"ராத்திரி கைய மடக்கிண்டு தூங்கிட்டேன்." சிரித்துக்கொண்டே எங்களை லிஃப்டுக்கு அழைத்துப் போனார்.

எனக்கு லிஃப்ட் ஆகாது. எட்டு வயதில் கோல் மார்க்கெட் பக்கம் ஓர் ஆபீஸ் லிஃப்டில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டதிலிருந்து, மூடிய பெட்டி எதுவாக இருந்தாலும் எனக்குக் கை வேர்க்கும். படியில் ஏறினேன். மேடமும் என்னோடு ஏறினார், ஏறிக்கொண்டே செல்போனைப் பார்த்துப் படித்தார். கேட்டில் கிடந்த பொதுக்கூட்டப் பதிவேட்டை அவர் படம் பிடித்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கேளு வெங்கி. துப்பாக்கி வாங்கறதுக்கு ஒரு தீர்மானம். அதுல பேரல் நீளத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்காங்க."

"லிஃப்ட் ரிப்பேருக்கு எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம். இதக் கேளு. நாலு ஏ, மது. அதாவது கோபாலனோட பொண்ணு. காலேஜ்ல ஷூட்டிங் டீம்ல இருந்தவளாம். ஸ்பிரிங் துப்பாக்கில காத்தோட தள்ளல் முதல் ஏழெட்டு அங்குலத்துலயே முடிஞ்சிடும், அதுக்கு மேல குழல் நீளமா இருந்தா வேகம் கூடாது, மடிச்சு லோடு பண்றதுக்கு நெம்புகோல் மாதிரி உதவும், அவ்வளவுதான். எங்க நின்னு சுடப் போறோமோ அந்த இடத்தைப் பாத்துத்தான் நீளம் தேர்ந்தெடுக்கணும். நம்ம பால்கனிக்குச் சின்னதே சரி. இப்படிச் சொல்லியிருக்கா."

"சரியாத்தானே சொல்லியிருக்கா?"

"அதனாலதான் தோத்துப் போயிட்டா. அப்பா எழுந்து, குரங்குக்குக் கேட்லாக் படிக்கத் தெரியாது, நீளமா பாத்தாத்தான் அது ஓடும்னு சொல்லியிருக்கார். சபையில சிரிப்புன்னு அடைப்புக்குறிக்குள்ள எழுதியிருக்காங்க. நீளக் குழலுக்கு நாப்பத்தொரு ஓட்டு. சின்னதுக்குப் பதினேழு."

அந்த நிமிடமே என் மண்டையில் கேஸ் முடிந்துவிட்டது. துப்பாக்கி தெரிந்தவள், சபையில் அவமானப்பட்டவள், எதிர் வரிசையில் வீடு. கொலைகாரியை... கண்காரியை நான் பிடித்துவிட்டேன். மேடத்திடம் சொன்னபோது "ம்" என்றார். அந்த "ம்"முக்கு வாயை மூடு என்று அர்த்தம்.

நாலாம் மாடியில் இரண்டே வீடுகள். நாலு பி குடும்பம் லீவுக்கு ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்தது. நாலு ஏ கதவுக்குப் பக்கத்தில் ஷாஃப்டின் இரும்புக் கதவு. லிஃப்டில் எங்களுக்கு முன்னால் வந்துவிட்ட கோபாலன் அதைத் திறந்துவிட்டார்.

"இதோ இங்கதான். என் வாசல்லயே நின்னுண்டு ஃபோன்ல பேசிண்டிருந்தேன். இந்தக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேர்ந்து டப்புன்னு ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு டப். நான் ஒரே தாவா தாவித் தாழ்ப்பாளப் போட்டேன்."

"சாத்தியிருந்ததுன்னு நிச்சயமா?"

"நிச்சயமா. கண்ணால பாத்துண்டே நின்னேன்."

"மது வீட்டுல இருக்காளா?"

"குர்காவ்ல ஆபீஸ். எட்டு மணிக்கே போயிட்டா." சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போனார்.

துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தது. அடிமுதல் நுனிவரை நாலடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. நாற்பத்தொரு பேர் ஓட்டுப் போட்டது வீண் போகவில்லை, பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்து எடுத்தேன். வாசற்படியில் நின்றபடி நீட்டினேன். ஜாலியில் மூன்று விரல் அகல ஓட்டை ஒன்றில் நுனி வழுக்கிக்கொண்டு போய் வெளியே எட்டிப் பார்த்தது. எதிரே ஸ்ரீநிவாஸின் பால்கனி, தகரக் கூலர், அதன் மேல் எதுவுமே நடக்காதது போல நாலு புறாக்கள்.

"நுழையுது மேடம்."

மேடத்தின் முகம் வாடிப்போனது. அவர் அதை மறைக்கக்கூட இல்லை. கீழே குஞ்சம்மாள் காத்துக்கொண்டிருப்பது எங்கள் இருவருக்குமே ஞாபகம் வந்தது.

"குறியும் சரியா இருக்கு. சரி, பெல்லட் டப்பா எங்க இருக்குன்னு பாரு."

துப்பாக்கியைப் பழையபடி உள்ளே சாய்த்துவிட்டு இரண்டு பேரும் நுழைந்தோம். பக்கவாட்டில் ஐந்தடி, ஆனால் கதவுக்கும் ஜாலிக்கும் நடுவே இரண்டடிதான். அதிலும் குழாய்கள். நான் குனிந்து வால்வுக்குப் பின்னால் துழாவிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் வெளிச்சம் போயிற்று. இரும்பு இரும்பில் மோதியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"மாமா, நாங்க உள்ள இருக்கோம்" என்று கத்தினேன். காலடிச் சத்தம் நிதானமாக நகர்ந்து போயிற்று.

தட்டினேன். உதைத்தேன். தோளால் இடிக்கலாம் என்றால் பின்னால் போக இடமில்லை. செல்போனில் ஒரு கோடு சிக்னல் கூட இல்லை, மேடத்தின் போனிலும் இல்லை. ஜாலிக்கு வெளியே எட்டு வீட்டு ஏசிப் பெட்டிகள் ஒன்றாக உறுமிக்கொண்டு, ஜூன் மாதத்து நாற்பத்து நாலு டிகிரிக்கு மேல் தங்கள் பங்குச் சூட்டையும் உள்ளே ஊதின. அந்தச் சத்தத்தைத் தாண்டி நாங்கள் கத்தியது கீழே யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. மணி நாலு பதினைந்து.

எனக்குக் கை வேர்த்தது. பிறகு கழுத்து, பிறகு முதுகு. மூச்சு பாதியிலேயே நின்று திரும்பியது. சுவர் என் மூக்கை நோக்கி நகர்வதாக எனக்குத் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்தது.

"வெங்கி, என்னைப் பாரு. ஏதாவது உளறு. உனக்குத்தான் அது வருமே."

"மேடம், நான் செத்தா என் ஸ்கூட்டரை யாருக்கும் குடுக்காதீங்க. பிரேக் இல்ல, அவங்களும் செத்துருவாங்க."

"நல்லது. இன்னும் உளறு."

"அஞ்சு மணிக்கு அப்பாவு போலீஸ் ஜீப்ல காத்தோட்டமா போவார். நாம இங்க ஊறுகாயா இருப்போம்."

"அதுக்குத்தான் பூட்டினது. ஜீப் போற வரைக்கும் நாம வெளிய வரக் கூடாது. நாம இங்க எதையோ பாத்துருவோம்னு யாருக்கோ பயம்." அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. "என்னத்தைப் பாத்துருவோம்னுதான் தெரியல. இருக்கறது நாலு குழாய், ஒரு துப்பாக்கி."

துப்பாக்கி என்றதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. கைக்குட்டையை அதன் நுனியில் கட்டி, ஜாலி வழியே நீட்டி ஆட்டினால் எதிர் பிளாக்கில் யாராவது பார்ப்பார்கள். எடுத்தேன். நுனியை ஜாலிப் பக்கம் திருப்பினேன். பின்கட்டை கதவில் இடித்தது.

சாய்த்துப் பார்த்தேன். நுனி ஓட்டைக்குள் போகாமல் சிமென்ட்டில் மோதியது. பக்கவாட்டில் கோணலாக நுழைத்தேன், அதுவும் மோதியது. தலைகீழாகப் பிடித்தேன். கீழே உட்கார்ந்து மேல்நோக்கி நுழைத்தேன். ஒரு சாண் கூடப் போகவில்லை. நாலடித் துப்பாக்கி, இரண்டடிப் பொந்து.

"சே. அப்போ மட்டும் வழுக்கிண்டு போச்சே, இப்போ என்ன கேடு இதுக்கு?"

திரும்பிப் பார்த்தேன். மேடம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ கதவு திறந்திருந்தது" என்றார் மெதுவாக. "நீ வாசற்படில நின்ன. பாதித் துப்பாக்கி வராண்டால இருந்தது. நானும் திறந்த கதவை வச்சுக்கிட்டே யோசிச்சேன், முட்டாள்."

"புரியல மேடம்."

"கதவு சாத்தியிருந்தா இந்தத் துப்பாக்கியை இந்த ஜாலியில நுழைக்கவே முடியாது. திறந்திருந்தா நுழைக்கலாம், ஆனா சுடறவன் வராண்டால நிக்கணும். கோபாலன் மூக்குக்கு முன்னாடி. அவர் என்ன சொன்னார்?"

"சாத்தியிருந்தது, கண்ணால பாத்துண்டே நின்னேன்."

"ரெண்டு சத்தமும் சாத்தின கதவுக்குப் பின்னாடிதான் கேட்டதாம். ஆளை நல்லா மாட்டணும்னு கூடுதலா ஒரு ஆணி அடிச்சார். அந்த ஆணியிலதான் அவர் வேட்டி மாட்டியிருக்கு. நாப்பத்தொரு பேர் சின்னத் துப்பாக்கிக்கு ஓட்டுப் போட்டிருந்தா அப்பாவு மாட்டிக்கிட்டிருப்பார்."

எனக்கு மூச்சு முழுதாக வந்தது. "அப்போ சுட்டது வேற துப்பாக்கி. சின்னது. சின்னதுதான் வேணும்னு பேசினது மது. நான் படியிலயே சொன்னேன்."

"அவசரப்படாத." அவர் ஜாலியோடு முகத்தை ஒட்டி வலப்புறம் பார்த்தார். கை எட்டும் தூரத்தில், அதே சுவரில், கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஒரு ஜன்னல். நாலு ஏயின் பாத்ரூம். "அதோ, அங்கேர்ந்தும் அதே பால்கனி, அதே கோணம். கம்பிவலை கிழிஞ்சிருக்கு பாரு."

அப்போது அந்த ஜன்னலுக்குள்ளிருந்து டிங் என்று ஒரு சத்தம் வந்தது. ஆபீஸ் ஆட்களுக்குத் தூக்கத்தில் கூடத் தெரியும் சத்தம். யாருக்கோ மீட்டிங் மெசேஜ். குர்காவ் ஆபீஸ் பாத்ரூமுக்குள் வந்துவிட்டது.

"மது" என்று கூப்பிட்டார் மேடம். குரலை உயர்த்தவில்லை, ஜாலியில் வாயை வைத்துப் பேசினார். "நாங்க பேசினது எல்லாம் உனக்குக் கேட்டிருக்கும். மணி நாலு முப்பத்தஞ்சு. கீழ குஞ்சம்மாள் நிக்கறாங்க. உங்க வீட்டுல எத்தனை வருஷமா சமைக்கறாங்க?"

குழாய் திறந்த சத்தம். மூடிய சத்தம்.

"ஒன்பது வருஷம்" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

நான் மேடத்தின் காதில், "ஜாக்கிரதை, அவகிட்ட துப்பாக்கி இருக்கலாம்" என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

"உன் அப்பாவுக்கு வலது கை ஏன் வலிக்குது?"

ஏசிப் பெட்டிகள் உறுமின. ஜாலிக்கு வெளியே ஒரு புறா வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

"பேரல் சின்னதா இருந்தா மடிக்கறது கஷ்டம் ஆன்ட்டி" என்றாள் மது. குரல் உடைந்திருந்தது. "நெம்பறதுக்கு நீளம் இல்ல. எனக்கே தோள் போயிடும். அப்பாக்கு அறுபத்தி மூணு வயசு."

நான் வாயை மூடிக்கொண்டேன். கண்காரியாவது, மண்ணாங்கட்டியாவது.

"கூட்டத்துல உன்னைப் பாத்துச் சிரிச்சவர்தானே அவர்?"

"வெளிலதான் சிரிப்பார். வீட்டுல நான் சொல்றதத்தான் கேப்பார். அடுத்த வாரமே எங்கிட்ட வந்து, தனக்குன்னு ஒண்ணு வேணும், எந்த நீளம் வாங்கலாம்னார். எங்க நின்னு சுடப் போறேள்னு கேட்டேன். மொட்டை மாடில டார்கெட் பிராக்டிஸ்னார். ஆனா சின்னதுதான் வேணும்னார். நான்தான் பன்னெண்டு இன்ச் குழலா செலக்ட் பண்ணிக் குடுத்தேன். மொட்டை மாடிக்கு எதுக்குச் சின்னதுன்னு நான் கேக்கல. பாத்ரூம டேப் வெச்சு அளந்தார், அப்பவும் கேக்கல."

"காலைல நீ வீட்டுல இருந்தியா?"

"வொர்க் ஃப்ரம் ஹோம். ஹெட்போன் போட்டிருந்தேன். வெளில வந்தா அப்பா ஷாஃப்ட் கதவச் சாத்திண்டு கத்திண்டிருக்கார். வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி அந்தத் துப்பாக்கி இருக்கு. இப்ப உங்களைப் பூட்டினதும் அவர்தான். ஹால்லேர்ந்து பாத்துண்டுதான் இருந்தேன்." அவள் அழ ஆரம்பித்தாள். "அவர் என் அப்பா ஆன்ட்டி. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ."

மேடம் ஜாலியில் நெற்றியை வைத்துக்கொண்டார். இந்த இடத்தில் அவர் சாமர்த்தியமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்.

"எனக்குத் தெரியலம்மா. உன் இடத்துல இருந்தா நானும் பாத்ரூம்லதான் உக்காந்திருப்பேன். ஆனா அந்தப் பக்கமும் ஒரு குடும்பம் இருக்கு. மணி நாலு நாப்பது."

நான் நொடிகளை எண்ணினேன். நூற்றிருபது வரை எண்ணியிருப்பேன். பூட்டிய பெட்டிக்குள் நான் செய்த முதல் பிரார்த்தனை எனக்காக இல்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. வராண்டாவின் காற்று, அதுவும் அனல் காற்றுதான், ஆனாலும் அள்ளிக் குடித்தேன். மது நின்றிருந்தாள். இருபத்தாறு வயசிருக்கும். கண்கள் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் ஹாலில், அவள் வாங்கிய ஷூட்டிங் கோப்பைகளுக்குக் கீழே கோபாலன் உட்கார்ந்திருந்தார்.

"கொழந்தே, வேண்டாம்" என்றார். பிறகு மேடத்தைப் பார்த்து, "புறாவத்தான் பாத்தேன். சத்தியமா. ஏசி பூரா எச்சம், ஆயிரம் தடவ சொல்லியாச்சு, ஸ்ரீநிவாஸ் கம்பு போடறத நிறுத்தலை. முதல் குண்டு தகரத்துல பட்டுது. ரெண்டாவது அழுத்தறச்சே அவன் குனிஞ்சுட்டான். நான் கொலைகாரன் இல்ல."

"நம்பறேன் சார்" என்றார் மேடம். "கண்ணுல பட்டது விபத்து. தாழ்ப்பாளும் விபத்தா?"

கோபாலன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"துப்பாக்கியத் தொடாத, போலீஸ் வந்து எடுக்கட்டும்" என்று மதுவிடம் சொல்லிவிட்டு மேடம் லிஃப்டை நோக்கி நடந்தார். மதுவும் பின்னால் வந்தாள். நேரமில்லை. நானும் லிஃப்டில் ஏறினேன்.

கீழே மணி நாலு ஐம்பத்திரண்டு. குஞ்சம்மாள் கேட் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். ரங்கராஜன் நாற்காலியிலேயே இருந்தார். மேடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்: நாலடி, இரண்டடி, சாத்திய கதவு, பாத்ரூம். கடைசி வாக்கியத்தை மது சொன்னாள். "அங்கிள், சுட்டது எங்க அப்பா."

ரங்கராஜனின் முகம் வெளுத்தது. இரண்டு தடவை எழுந்தார், இரண்டு தடவை உட்கார்ந்தார். பிறகு சாவியை எடுத்து கார்டு ரூமைத் திறந்தார்.

அப்பாவு வெளியே வந்தார். ஒல்லியான ஆள். கார்டு ரூமில் ஃபேன் இல்லை, சட்டை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். குஞ்சம்மாள் அவர் முகத்தை முந்தானையால் துடைத்தார்.

"ஏம்ப்பா, உனக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்றார் ரங்கராஜன். தப்பை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டுமே. "பக்கத்து ஜன்னல்லேர்ந்து சத்தம் வந்தா உனக்குக் கேட்டிருக்குமே. காலைலயே சொல்லியிருக்கலாமே."

அப்பாவு அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"சொன்னேன் சார். ஜாலி வழியா பாத்தேன், கோபாலன் சார் பாத்ரூமு ஜன்னல்ல துப்பாக்கி நுனி நீட்டிட்டிருந்துதுன்னு சொன்னேன். உங்ககிட்டதான். மூணு தடவ சொன்னேன். தமிழ்ல ஒரு தடவ, இந்தியில ரெண்டு தடவ."

ரங்கராஜன் கார்டு ரூம் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பொந்துக்குள் வெந்து நாங்கள் கண்டுபிடித்ததை இந்த மனிதர் காலை பதினொன்றரைக்கே சொல்லிவிட்டார். மேடத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பார்த்தேன். அவர் காது மடல் வரை சிவந்திருந்தது.

"நான் கதவை உடைச்சாவது உங்களைக் கேட்டிருக்கணும்" என்றார் அப்பாவுவிடம். "கேக்காம மேல ஏறிப் போயிட்டேன். மன்னிச்சுக்கோங்க." ஏழு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜீப் கேட்டுக்குள் நுழைந்தது. இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நோட்டைத் திறந்து, "ஹான் ஜி, கியா ஹுவா?" என்று என்ன நடந்ததென விசாரித்தார். ரங்கராஜன் பாய்ந்து முன்னால் போய், "சார், ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங், குடும்ப விஷயம்" என்று இந்தியில் ஆரம்பித்தார். பேசிக்கொண்டே தலையைத் திருப்பி அப்பாவுவிடம் தமிழில் தணிந்த குரலில், "பெரிசா ஒண்ணும் சொல்லிக்காதே. மாடி ரூம், வேலை எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

மேடம் அவருக்கும் சப்-இன்ஸ்பெக்டருக்கும் நடுவே போய் நின்றார். ரங்கராஜன் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து அப்பாவுவுக்குப் பின்னால் போட்டார்.

"இவரைக் கேளுங்க" என்றார் இந்தியில். "இவர் பாத்தவர்."

அப்பாவு உட்காரவில்லை. மனைவியைப் பார்த்தார். மூன்று வீட்டுச் சமையல், மொட்டை மாடி ரூம், ஒன்பது வருடம், எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. பக்கத்தில் மது தலை குனிந்து நின்றாள். குஞ்சம்மாள் மதுவின் தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார். பிறகு புருஷனிடம் சொன்னார்.

"சொல்லுங்க. ரூமு போனா போவுது."

அப்பாவு நாற்காலியில் உட்கார்ந்து, நாலாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்தார். சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.